கான்ஃபிக் கோப்பில் முடிவு இருக்கிறது, காரணம் எங்கே? கர்னல் பராமரிப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நமது லினக்ஸ் விநியோகத்தின் கர்னல் பராமரிப்புக் குழுவினருக்கு,

அடுத்த நீண்டகாலப் பதிப்புக்கான கர்னல் (இயங்குதளத்தின் மைய நிரல்) கிளையிலும், அதில் எந்த வசதிகள் இருக்க வேண்டும் என்று குறிக்கும் கான்ஃபிக் கோப்புகள் இப்போது இருப்பது போலவே தொடரும் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். அதாவது ஒவ்வொரு செயலி வகைக்கும் ஒரு முழுக் கோப்பு, வழு தேடுவதற்கான அதன் டீபக் வடிவத்துக்கு இன்னொரு முழுக் கோப்பு, இவை எல்லாம் செயலி வகைகளுக்கான ஆர்ச் அடைவுக்குள், அப்ஸ்ட்ரீமின் (நாம் எடுத்தாளும் மூல லினக்ஸ் கர்னல் திட்டத்தின்) சொந்தக் கோப்புகளோடு கலந்தே கிடக்கும். அவற்றைப் பிரித்து அடுக்க வேண்டும், முக்கியமான ஒவ்வொரு தெரிவுக்கும் அருகிலேயே காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்று கோரிய முன்மொழிவை, இப்போதைக்குத் தேவையில்லை என்ற ஒற்றை வரியோடு மூடிவிட்டீர்கள். அந்த ஒற்றை வரியை ஏற்றுக்கொண்டு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. உங்கள் கர்னலை எக்ஸ்86, ஆர்ம்64 என்ற இரு செயலி வகைச் சர்வர்களிலும் அன்றாடம் ஓட்டுபவன் என்ற முறையிலும், எங்கள் டிரைவர்களைச் சேர்த்து அதே மூலநிரல் மரத்திலிருந்து கர்னலை மீண்டும் மீண்டும் கட்டியெழுப்புபவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். வழக்கமான ஒரு கர்னல் புதுப்பிப்புக்குப் பிறகு ஆர்ம்64 சர்வர் ஒன்று மீண்டும் எழுந்தபோது, அதில் ஸ்வாப் (நினைவகம் போதாதபோது கர்னல் பயன்படுத்தும் வட்டுப் பகுதி) இயங்கவில்லை. காப்புப் பிரதிகள் இருந்த பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமைப் பகிர்வும் ஏற்றப்பட மறுத்தது. வட்டு பழுது என்றுதான் முதலில் நினைத்தோம். வட்டு நன்றாகவே இருந்தது. பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து எழுப்பியதும் இரண்டும் ஒரு குறையுமின்றி வேலை செய்தன. பூட் அடைவில் இருந்த இரண்டு கான்ஃபிக் கோப்புகளையும், கர்னலோடு வரும் டிஃப்கான்ஃபிக் ஸ்கிரிப்ட்டில் கொடுத்து ஒப்பிட்ட பிறகுதான் விவரம் புரிந்தது: கர்னல் நினைவகத்தைப் பிரித்துக் கையாளும் அலகான பக்கத்தின் அளவு 64 கிலோபைட்டிலிருந்து 4 கிலோபைட்டாக மாற்றப்பட்டிருந்தது.

ஸ்வாப் பகுதியின் அடையாளக் குறி, அதன் முதல் பக்கத்தின் கடைசிப் பத்து பைட்டுகளில் எழுதப்படுகிறது. பக்கத்தின் அளவு மாறினால் கர்னல் அந்தக் குறியை வேறிடத்தில் தேடும்; அங்கே அது இருக்காது. பிடிஆர்எஃப்எஸ் கருவிகளோ, நாங்கள் அந்தப் பகிர்வை உருவாக்கிய காலத்தில், செக்டர் அளவை இயங்கும் கர்னலின் பக்க அளவுக்குச் சமமாகவே வைத்தன; 64 கிலோபைட் செக்டரோடு பிறந்த பகிர்வை 4 கிலோபைட் பக்கமுள்ள அந்தக் கர்னலால் ஏற்ற முடியவில்லை. இவை எதுவும் இரகசியமல்ல. பக்க அளவை மாற்றும் எவருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை, பயனருக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியவை.

பிறகு மரத்தில் தேடினோம். அந்த மாற்றம் ஆயிரக்கணக்கான வரிகளைத் தொட்ட ஒரே கமிட்டுக்குள் (மரத்தில் பதியப்படும் ஒரு மாற்றத் தொகுதிக்குள்) இரண்டு வரிகளாகப் புதைந்திருந்தது: ஒன்று 64 கிலோபைட்டை அணைத்தது, மற்றொன்று 4 கிலோபைட்டை இயக்கியது. கமிட் செய்தியில் கர்னல் பதிப்பு எண்ணும், கான்ஃபிக் கோப்புகள் புதுப்பிக்கப்பட்டன என்ற சொற்களும் மட்டுமே இருந்தன. யார் முடிவெடுத்தார்கள், எதற்காக எடுத்தார்கள், அறிந்து செய்த மாற்றமா, யாரோ ஒருவருடைய கணினியில் தவறிப்போய் நேர்ந்ததா என்று உங்களிடம் கேட்டோம். உங்களில் எவராலும் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை.

4 கிலோபைட் தவறான தெரிவு என்று நான் வாதிடவில்லை என்பதைக் கவனிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8, ஆர்ம்64-இல் 64 கிலோபைட் பக்கத்தோடு வந்தது. 2022-இல் வெளியான 9-ஆம் பதிப்பு 4 கிலோபைட்டுக்கு மாறியது, பின்னர் 64 கிலோபைட் தேவைப்படுவோருக்குத் தனிக் கர்னல் தொகுப்பையும் கொடுத்தது. சிறிய நினைவகமுள்ள இயந்திரங்களுக்கும், 4 கிலோபைட்டை மனத்தில் வைத்தே எழுதப்பட்ட மென்பொருள்களுக்கும் அது நல்ல தெரிவுதான். ஆனால் அவர்கள் அதைப் பெரும்பதிப்பு மாறும் இடத்தில், பெயர் சொல்லிச் செய்தார்கள். நம் மரத்தில் அதே மாற்றம் ஒரு சிறு புதுப்பிப்பின் நடுவே, காரணமின்றி நுழைந்தது. என் குறை அந்த மதிப்பைப் பற்றியதல்ல. அந்த மதிப்புக்குப் பின்னால் இருந்த முடிவை மரத்தில் எங்கும் காண முடியவில்லை என்பதுதான்.

இந்தக் குறை எவருடைய கவனக்குறைவாலும் வந்தது என்று நான் எண்ணவில்லை. கோப்புகளை அடுக்கியிருக்கும் முறையே இதை உண்டாக்குகிறது. ஒரு விநியோகத்தின் முழுக் கான்ஃபிக் கோப்பு பத்தாயிரம் வரிகளை ஒட்டி வரும். அவற்றில் மனிதர் ஒருவர் அமர்ந்து யோசித்து வைத்தவை சில நூறு இருக்கலாம். மீதியெல்லாம் கர்னலின் அமைவுக் கருவியான கேகான்ஃபிக் தானாகவே நிரப்பியவை: இயல்பு மதிப்புகள், வேறொரு தெரிவு இழுத்துக்கொண்டு வந்தவை, கம்பைலர் எதை ஆதரிக்கிறது என்று சோதித்துப் பார்த்து எழுதியவை. இந்த இரண்டு வகையும் கோப்பில் ஒரே தோற்றத்தில், ஒரே வரிசையில் நிற்கின்றன. மூலப் பத்திரத்தைத் தொலைத்துவிட்டு நகலை மட்டும் பெட்டியில் பூட்டி வைப்பது போலத்தான் விளைவை மட்டும் மரத்தில் வைத்துப் பராமரிப்பதும். எது உரிமை, எது எழுத்தர் சேர்த்தது என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது.

கம்பைலரின் பதிப்பு எண், லிங்கரின் பதிப்பு எண், பாஹோல் கருவியின் பதிப்பு எண் ஆகியவைகூட அந்தக் கோப்பில் எழுதப்படுகின்றன. ஆகவே இரண்டு பராமரிப்பாளர்கள் ஒரே மூலநிரலை வைத்துத் தத்தம் கணினியில் கோப்பைப் புதுப்பித்தால், இரண்டு வெவ்வேறு கோப்புகள் கிடைக்கும். இது வெறும் இரைச்சலோடு நிற்பதில்லை. அண்மைக் கர்னல் பதிப்புகளில் பிடிஎஃப் தகவலை (கர்னலின் தரவு வகைகளை விவரிப்பது) உருவாக்கும் தெரிவு, பாஹோல் கருவி இருக்கிறதா, அது போதிய அளவு புதியதா என்பதைப் பொறுத்தே தோன்றுகிறது. பாஹோல் நிறுவப்படாத கணினியில் கோப்பைப் புதுப்பித்தால் அந்தத் தெரிவு பிழைச்செய்தி எதுவுமின்றி மறைந்துவிடும். கர்னல் நன்றாகவே எழும். ஆனால் பிடிஎஃப் தகவலை நம்பி எழுதப்பட்ட, கர்னலுக்குள்ளேயே ஓடும் பிபிஎஃப் கண்காணிப்பு நிரல்கள் ஒன்றும் ஓடாது. ரஸ்ட் நிரல்மொழி ஆதரவுக்கும் இதே கதிதான்: தகுந்த ரஸ்ட் கம்பைலர் இல்லாத இடத்தில் அந்தத் தெரிவே கண்ணில் படாது. ஆக, புதுப்பிப்பவரின் கணினியில் என்ன நிறுவப்பட்டிருந்தது என்பது, பயனருக்கு என்ன கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. எந்தக் குழுவும் தெரிந்தே இப்படியொரு கொள்கையை வகுக்காது.

அப்ஸ்ட்ரீமில் பெயர்கள் மாறுவது இன்னொரு வழியாக இதே இடத்தில் அடிக்கிறது. 2024-இல் வந்த 6.9 பதிப்பில், எக்ஸ்86 செயலிகளின் பாதுகாப்புக் குறைகளை ஈடுகட்டும் தணிப்புகள் பலவற்றின் பெயருக்கு முன்னால் மிட்டிகேஷன் என்ற சொல் சேர்க்கப்பட்டது. பழைய பெயர் இருக்கும் கோப்பைப் புதிய மரத்தில் கொடுத்து, அதைப் புதுப்பிக்கும் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் கட்டளையை ஓட்டினால், பழைய பெயர் ஓசையின்றிக் கைவிடப்பட்டு, புதிய பெயர் அதன் இயல்பு மதிப்பை எடுத்துக்கொள்ளும். இந்தத் தணிப்புகளில் ஒன்றான பக்க அட்டவணைப் பிரிப்பின் இயல்பு மதிப்பு ஆம் என்பதால், அதை வேண்டாம் என்று வைத்திருந்தவருக்கு அது திரும்ப வந்துவிடும். எஸ்எல்எஸ் எனப்படும் நேர்கோட்டு ஊகச் செயலாக்கத் தணிப்பின் இயல்பு மதிப்போ இல்லை என்பது. ஆகவே அதை வேண்டும் என்று வைத்திருந்தவர் அதை இழப்பார். இரண்டு திசையிலும் பயனர் எடுத்த முடிவு அழிகிறது, முடிவு அழிந்தது என்ற செய்தியும் வருவதில்லை.

இந்த ஆபத்தை அப்ஸ்ட்ரீமே நன்கு அறியும். 2018-இல் 4.18 பதிப்புக்கான பணியின்போது, நினைவக அத்துமீறலைக் கண்டுபிடிக்கும் ஸ்டாக் ப்ரொடெக்டருக்கு இருந்த, வலுவான வடிவத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் ஆட்டோ என்ற தெரிவு நீக்கப்பட்டது. ஆட்டோவை வைத்திருந்த கோப்புகளில், வலுவான வடிவம் ஆட்டோ வழியாகவே இயங்கியதால், ஸ்ட்ராங் என்ற வரி மட்டும் பார்ப்பதற்கு அணைந்திருப்பது போல எழுதப்பட்டிருக்கும். ஆட்டோ போனதும் அந்தப் பழைய வரி உண்மையாகிவிட, வலுவான பாதுகாப்பு தானாகவே வலுக்குறைந்த வடிவத்துக்கு இறங்கும் நிலை வந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதைக் கண்டு, பழைய வரிகள் எதுவும் பொருந்தாதபடி தெரிவுகளின் பெயரையே மாற்றி, எல்லோரையும் புதிதாகக் கேள்வி கேட்கும்படி செய்தார். அந்தக் கோப்பில் இல்லை என்று எழுதியிருந்தது எவருடைய விருப்பமும் அன்று, இயந்திரம் எழுதிய பக்க விளைவு மட்டுமே. விருப்பத்தையும் விளைவையும் ஒரே கோப்பில் கலந்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

மூடப்பட்ட முன்மொழிவின் கீழ் உங்களில் சிலர், சேவ்டெஃப்கான்ஃபிக் கொண்டு கோப்புகளைச் சுருக்கினாலே போதுமே என்று சொன்னதையும் படித்தேன். அது ஏன் வந்தது என்பதை நினைவூட்டுகிறேன். 2010-இல், ஆர்ம் செயலி கொண்ட மின்பலகை ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுக் கோப்பாக மரத்தில் குவிந்திருந்ததையும், பேட்ச்களில் (அனுப்பப்படும் நிரல் திருத்தங்களில்) பெரும்பகுதி அந்தக் கோப்புகளின் அசைவாகவே இருந்ததையும் கண்டு சலித்த டோர்வால்ட்ஸ், இப்படியே போனால் அவற்றை நீக்கிவிடுவதாகச் சொன்னார். அதன் பிறகு, இயல்பு மதிப்பிலிருந்து வேறுபடும் வரிகளை மட்டும் விட்டுவைக்கும் முறையால், ஏறத்தாழ 2 லட்சம் வரிகள் ஒரே வீச்சில் மரத்திலிருந்து அகன்றன. சேவ்டெஃப்கான்ஃபிக் கட்டளையும் அந்தக் காலத்தில்தான் வந்தது. ஒரு பலகையை எழுப்புவதற்கு அது நல்ல தீர்வு.

ஒரு விநியோகத்துக்கு அது போதாது. சுருக்கிய கோப்பில் எழுதப்படாத எதுவும் அப்ஸ்ட்ரீமின் இயல்பு மதிப்பையே பின்பற்றும்; அப்ஸ்ட்ரீம் அந்த இயல்பை மாற்றினால் நம் கர்னலும் மாறும், நம் மரத்தில் ஒரு வரிகூட மாறியிருக்காது. நாம் ஒரு மதிப்பை உறுதியாக விரும்புகிறோம் என்றால், அது இன்றைய இயல்பு மதிப்போடு ஒத்திருந்தாலும் எழுதி வைத்தாக வேண்டும். முழுக் கோப்பில் எல்லாம் இருக்கிறது, காரணம் இல்லை; சுருக்கிய கோப்பில் உறுதியே இல்லை. நாங்கள் கேட்டது இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது முறை, அது புதுமையானதும் அல்ல.

ஃபெடோராவும் ரெட் ஹாட்டும் பகிர்ந்துகொள்ளும் கர்னல் மரத்தைத் திறந்து பாருங்கள். விநியோகத்துக்குரியவை எல்லாம் ரெட்ஹாட் என்ற தனி மேலடைவுக்குள் இருக்கின்றன. அதனுள் கான்ஃபிக்ஸ் அடைவில் ஒரு தெரிவுக்கு ஒரு சிறு கோப்பு. பொதுவானது ஒரு படியில், செயலி வகைக்குரியது அடுத்த படியில், ஃபெடோராவுக்கும் நிறுவனப் பதிப்புக்கும் தனித்தனிப் படிகள். புதிய கர்னலில் புதிதாக முளைக்கும் தெரிவுகள் நேராக உள்ளே போவதில்லை. பென்டிங் எனத் தொடங்கும் அடைவில் விழுந்து, அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர் பார்த்த பிறகே இடம் மாறுகின்றன. கேட்டது ஒன்று, இறுதிக் கோப்பில் வந்தது வேறு என்றால் அதைப் பிழையாக அறிவிக்கும் ஸ்கிரிப்ட்டும் அங்கே இருக்கிறது. ஒரு தெரிவின் வரலாறு வேண்டுமா, அந்தச் சிறு கோப்பின் கமிட் வரலாற்றைப் படித்தால் போதும். பத்தாயிரம் வரிகளைச் சலிக்க வேண்டியதில்லை.

உபுண்டு வேறு வழியில் போய் அதே இடத்தைச் சேர்ந்திருக்கிறது. அங்கே அனோட்டேஷன்ஸ் என்ற ஒரே கோப்பு. ஒவ்வொரு தெரிவுக்கும் எந்தச் செயலி வகையில் என்ன மதிப்பு என்ற கொள்கை வரி ஒன்று. தேவையான இடங்களில் அதற்கு அடுத்து, ஏன் அப்படி, எந்த வழு அறிக்கையால் அப்படி என்று சொல்லும் குறிப்பு வரி. சிறப்புக் கர்னல்கள் தாய்க் கோப்பை உள்ளிழுத்துக்கொண்டு, தாங்கள் வேறுபடும் வரிகளை மட்டும் எழுதுகின்றன. எனக்குத் தனிப்பட்ட முறையில் இந்த முறையே அதிகம் பிடிக்கிறது, காரணத்தை எழுதுவதற்கென்றே ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருப்பதால். எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்பது உங்கள் உரிமை, அதில் நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன்.

ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் பராமரிக்க ஆளில்லை என்ற உங்கள் மறுப்பை மதிக்கிறேன். ஆனால் இன்று அந்த உழைப்பு செலவாகாமல் இல்லை. உங்கள் மேசையிலிருந்து எங்கள் மேசைக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும், பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டு, எந்த வரி முடிவு, எந்த வரி தற்செயல் என்று ஊகித்துக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கர்னலை நம்பித் தொழில் நடத்தும் அத்தனை இடங்களிலும் இருக்கிறார்கள். ஒரே ஊகத்தைப் பல இடங்களில் பலர் செய்கிறோம், அவரவர் விடையும் வேறுபடுகிறது.

வழு தேடுபவர்களின் சிரமத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிய டிரைவரைக் கொண்டுவரும் பேட்ச் ஒரு கமிட்டில் வருகிறது. அதை இயக்கும் கான்ஃபிக் வரியோ, தொடரின் கடைசியில், எல்லாவற்றையும் சேர்த்துப் புதுப்பிக்கும் கமிட்டில் வருகிறது. இடையில் உள்ள எந்தக் கமிட்டைக் கட்டினாலும் அந்த டிரைவர் அணைந்தே இருக்கும். பழுதைக் கொண்டுவந்த கமிட்டைத் தேடும் கிட் பைசெக்ட் ஓட்டினால் விரல் நீளுவது எப்போதும் அந்தப் பெரிய கான்ஃபிக் கமிட்டை நோக்கித்தான்; உண்மையில் பழுதைக் கொண்டுவந்த பேட்ச் தப்பிவிடுகிறது. இந்தச் சுவரில் எங்கள் அணியினர் பலமுறை முட்டியிருக்கிறார்கள்.

கோப்புகள் இருக்கும் இடமும் சிறு விஷயமன்று. ஆர்ம்64-க்கு அப்ஸ்ட்ரீம் தன் மரத்தில் டெஃப்கான்ஃபிக் என்ற பொதுக் கோப்பை வைத்துப் பராமரிக்கிறது. நீங்கள் அதன் மேலேயே திருத்தம் எழுதியிருப்பதால், நிலையான பதிப்புகளின் பேட்ச்களை உள்வாங்கும்போது அந்தக் கோப்பில் மோதல் எழுகிறது, ஒவ்வொரு முறையும் அது கையால் தீர்க்கப்படுகிறது. கையால் தீர்த்ததில் என்ன விழுந்தது என்பதும் எங்கும் பதிவாவதில்லை.

ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கோருகிறேன்.

அடுத்த நீண்டகாலக் கிளை முடக்கப்படுவதற்கு முன் அந்த முன்மொழிவை மீண்டும் திறந்து, பொதுவில் விவாதியுங்கள். கிளை முடங்கிய பிறகு அதன் ஆயுட்காலம் முழுவதும் கோப்பு அமைப்பை மாற்ற முடியாது என்பதால்தான் இந்த அவசரம்.

நமது கான்ஃபிக் கோப்புகளை ஆர்ச் அடைவிலிருந்து வெளியே எடுத்து, நமக்கென ஒரு தனி மேலடைவில் வையுங்கள். அப்ஸ்ட்ரீமின் கோப்புகளை அப்ஸ்ட்ரீம் கொடுத்தபடியே விட்டுவிடுங்கள். பொதுவானவை, செயலி வகைக்குரியவை, வடிவத்துக்குரியவை என்று படிப்படியாகப் பிரியுங்கள். டீபக் கர்னலுக்கு முழுப் பிரதி வேண்டாம், அது வேறுபடும் வரிகள் மட்டும் போதும்.

எல்லாத் தெரிவுகளுக்கும் இன்றே காரணம் எழுதக் கேட்கவில்லை. பக்க அளவு, கடிகார அதிர்வெண், பாதுகாப்புத் தணிப்புகள், மாட்யூல் கையொப்பம், லாக்டவுன் எனும் கர்னல் காப்பு வசதி, கோப்பு முறைமைகள், மூன்றாம் தரப்பு மாட்யூல்களின் ஒத்திசைவைப் பாதிப்பவை: இவற்றிலிருந்து தொடங்குங்கள். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு காரண வரியும், பொறுப்பேற்கும் பிரிவின் பெயரும் கட்டாயமாகட்டும். வெளியான பதிப்பில் இவற்றில் ஒன்றின் மதிப்பு மாறுகிறது என்றால், அது தனிக் கமிட்டில் மாற வேண்டும், வெளியீட்டுக் குறிப்பிலும் இடம்பெற வேண்டும். மற்றவற்றுக்கு, கைபடும்போது காரணம் எழுதுவது என்ற விதி போதும்.

முழுக் கோப்பை உருவாக்கும் வேலையை எவருடைய சொந்தக் கணினியிலும் செய்யாமல், விநியோகத்தைக் கட்டும் அதே கருவிகள் கொண்ட ஒரே சூழலில் செய்யுங்கள். அங்கே, கேட்ட மதிப்பும் கிடைத்த மதிப்பும் ஒத்திருக்கின்றனவா என்ற சோதனை நடக்கட்டும். ஒத்திராவிட்டால் கட்டுமானம் நின்றுவிட வேண்டும். கான்ஃபிக் துண்டுகளை இணைக்கும் மெர்ஜ்_கான்ஃபிக் ஸ்கிரிப்ட் தரும் எச்சரிக்கை வரியை மட்டும் நம்பினால் அது பதிவுக் கோப்பின் நடுவே புதைந்துபோகும். மரத்தில் இல்லாத பெயர்களைக் கண்டால் எச்சரிக்கும் வசதியும், எச்சரிக்கையைப் பிழையாக மாற்றும் வசதியும் 2023 முதல் கேகான்ஃபிக்கிலேயே இருக்கின்றன; இரண்டையும் இயக்கி வையுங்கள். புதிய தெரிவைக் கொண்டுவரும் பேட்ச், அதற்குரிய கான்ஃபிக் மதிப்பையும் அதே கமிட்டில் கொண்டுவர வேண்டும் என்பதை ஏற்பு விதியாக்குங்கள்.

ஆர்ம்64 கோப்பைப் பிரிக்கும் வேலையை எங்கள் அணியே செய்து தரும். பிரித்த பிறகு உருவாகும் முழுக் கோப்பு இன்றைய கோப்போடு வரிக்கு வரி ஒத்திருப்பதை முதல் பேட்சிலேயே காட்டுவோம். மதிப்பு எதையும் அந்தத் தொடரில் தொடமாட்டோம். உங்களிடமிருந்து எங்களுக்கு வேண்டியது, அதைப் பரிசீலிக்க உங்களில் ஒருவரை நியமிப்பதும், பக்க அளவு மாற்றப்பட்டதற்கான காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அது கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்பதையாவது, வெளிப்படையாகப் பதிவு செய்வதும்தான். ஏற்கிறீர்களா மறுக்கிறீர்களா என்பதையும், மறுத்தால் அதற்கான காரணங்களையும், கிளை முடக்கத்துக்கு முன் எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கர்னலை நம்பி சர்வர்களை நடத்தும் பொறியாளர் ஒருவர்